கம்ப்யூட்டருக்கு நாலு சீப்பு

ஆடி 25, வியாழன்

காலையிலிருந்து காற்று. பிரஸ் வாசல் மண்ணை அள்ளிக் கொண்டுவந்து கீபோர்டில் போடுகிறது. கம்ப்யூட்டருக்கு என் பழைய தாவணியைப் போர்த்தி வைத்தேன். ஆறுமுகம் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "பெட்டிக்குக் குளிருதாக்கும்?" என்றார். முதலாளி சொன்னால் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

இன்றைய வேலை: ஜவுளிக்கடை பை டிசைன், முடிந்தது. பள்ளிக்கூட ரசீது, முடிந்தது. என் கல்யாணப் பத்திரிகை, முடியவில்லை.

வருஷக்கணக்காக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இந்தப் பெட்டியில் பத்திரிகை அடித்திருக்கிறேன். என்னுடையதை எடுத்ததும் படுத்துக்கொள்கிறது. மாப்பிள்ளை வீடு ராதாபுரம். அவர்கள் குலதெய்வம் சாஸ்தா படம் பத்திரிகையின் உச்சியில் இருந்தே ஆக வேண்டுமாம். ஸ்கேன் பண்ணி வைத்தேன். அதுவரை சரி. கீழே பெயர்களை அடித்துக்கொண்டே வந்து சித்தப்பாமார் வரிசையைத் தொட்டால், மெமரி போதாது என்று ஒரு வரி. அதோடு மவுஸ் நகராது. சாஸ்தா பாதி மீசையோடு திரையில் நிற்கிறார்.

386 பெட்டி. மெட்ராஸ் கம்பெனி ஒன்று உபயோகித்துவிட்டுத் தள்ளியதை அண்ணாச்சி வாங்கிப்போட்டார். மெமரி நாலு எம்.பி. இன்னும் நாலு போட இடம் காலியாக இருக்கிறது என்று சர்வீஸ் விக்டர் போன வாரமே திறந்து காட்டினார். போட்டால் எட்டு. அண்ணாச்சி சம்மதிக்க நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவ. பெட்டி என் தலையிலதான?" என்றார். ராதாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருவேன் என்று சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் ஆர்டர் கொடுத்துவிட்டார். மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்பையிலிருந்து பெரியப்பா. குடை, வெற்றிலைப்பெட்டி, கருத்து, எல்லாம் கையோடு. அதே பேச்சுதான்.

"பத்திரிகையில உங்கம்மா பேரைப் போட்டு அழைக்கிற வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாதுட்டி. உங்கப்பன் இல்லேன்னா அவன் அண்ணன் நான் இருக்கேம்லா."

நான்: "மாப்பிள்ளை பாத்தது அம்மா. வெயில்ல மூணு பஸ் மாறி ராதாபுரம் போயிட்டு வந்தது அம்மா. கூப்பிடுறது மட்டும் நீங்களா?"

அம்மா அடுக்களையிலிருந்து, "ஏளா, பெரியப்பாட்ட வாயாடாத" என்றாள். பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

கடைசியில் பெரியப்பா இறங்கி வந்தார். அவர் பாணியில். "சரி. ஒன் பெட்டியில நீ என்னத்தையும் அடிச்சுக்கோ. ஆவணி பொறந்து மொத வெள்ளிக்குள்ள பத்திரிகை என் கைக்கு வரணும். வரலைன்னா அம்பையில தெரிஞ்ச பிரஸ்ல வழக்கப்படி நான் அடிச்சிருவேன். பெறவு அழக்கூடாது."

ஆவணி 2 வெள்ளி. அவர் அடித்தால் பத்திரிகையில் அம்மா இருக்கவே மாட்டாள். மறைந்த இன்னாரின் மகள் நான், அழைப்பது பெரியப்பா. மூன்றாம் வகுப்புக்கு இருபது வருஷமாகப் பாடம் எடுக்கிற ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதே தெரியாது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சாப்பாடு இறங்கவில்லை. (அப்பளம் இறங்கியது.)

ஆடி 27, சனி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

எங்கள் ஊர் முக்கூடல் பஸ்ஸில் இன்று நிற்கக்கூட இடமில்லை. பீடி இலை மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன். இறங்கியபின் நானே ஒரு கட்டு பீடி மாதிரி மணந்தேன்.

சாயங்காலம் பார்சல் வந்தது!! வெள்ளிக் காகிதம் மாதிரி உறைக்குள் நாலு துண்டு. விரல் நீளம்தான். பச்சைப் பலகை, அதன் மேல் கறுப்புப் பூச்சிகள், கீழ் விளிம்பில் தங்கப் பற்கள். அண்ணாச்சி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்னட்டி, சீப்பு மாதிரி இருக்கு. இதுக்கா இம்புட்டு?" அப்போதிலிருந்து சீப்பு என்றே பெயர்.

விக்டர் திங்கட்கிழமைதான் வருவார். அண்ணாச்சி மேஜை டிராயரில் வைக்கலாம் என்றார். அதில் மூக்குப்பொடி டப்பா திறந்தே கிடக்கும். வேண்டாம் என்று சாப்பாட்டுப் பையில் வைத்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மா: "இதாளா அது?"

"இதேதான். இது உள்ள போனாத்தான் பத்திரிகை வரும். ஒம் பேரு வரும். உறையப் பிரிக்காத. கை படக்கூடாது."

"நான் எதுக்குத் தொடுதேன்" என்றாள். சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அங்கே இருந்தால் எலி வராதாம்.

ஆடி 28, ஞாயிறு

ஆற்றில் தண்ணீர் நிறைய. மலையில் சாரல் நன்றாக இருக்கிறது போல. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தலை காயவே இல்லை.

மு.விடமிருந்து போஸ்ட் ஆபீஸ் பக்கத்து மளிகைக்கடைக்குப் போன் வந்தது. மு. என்றால் முத்துக்குமார், நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். ஓடிப்போய் எடுத்தேன். கடையில் அத்தனை பேரும் பருப்பு வாங்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"உலகு, இன்னும் ரெண்டு பேரு சேக்கணுமாம். எங்க அத்தை வீட்டுல."

"சேத்துக்கலாம். அம்மா பேரு விஷயம் உங்க வீட்டுல சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல. சாஸ்தா படம் மட்டும் தெளிவா இருக்கணுமாம்."

"அவருதான் பாதியில நிக்காரு."

சிரித்தார். நல்ல சிரிப்பு. அதற்காகவே இன்னும் இரண்டு அத்தை வீட்டைச் சேர்க்கலாம்.

திரும்பி வந்தபோது அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்பு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் மஞ்சள். மத்தியானம் மீன் வறுவல் கிடையாது, நாங்கள் சைவம். சாம்பாருக்கு அரைத்திருப்பாள்.

ஆடி 29, திங்கள்

மோசம்.

விக்டர் பத்து மணிக்கு மொபெட்டில் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், சளைக்காத மனிதர், எதையும் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டுதான் யோசிப்பார். முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டார். உடம்பில் கரண்டு இருந்தால் இறங்கிவிடுமாம். அண்ணாச்சியும் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆடியில புதுசு ஒண்ணை உள்ள வைக்கலாமாவே?" என்று அவரை ஒரு கேள்வி வேறு.

"அண்ணாச்சி, பெட்டி பழசு. அதனால தோஷம் இல்ல" என்றார் விக்டர்.

சீப்பைச் சாய்த்துச் செருகி, பைய நிமிர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும். நாலையும் செருகினார். ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, "ஓரத்துல பசை மாதிரி என்னமோ இருக்கு. கம்பெனிப் பசையா இருக்கும்" என்றார்.

ஸ்விட்சைப் போட்டோம். திரையின் மூலையில் மெமரியை எண்ணும் எண் ஓடியது. நான், அண்ணாச்சி, விக்டர், கட்டிங் மிஷின் இசக்கி அக்கா, தேநீர் கொண்டுவந்தவர், எல்லோரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலாயிரத்துச் சொச்சம். நின்றுவிட்டது. பழைய எண்ணேதான்.

கழற்றி மாட்டினார். அதே எண். போர்டில் ஜம்பர் என்று ஒரு சின்னத் தொப்பி. அதை ஒரு முள்ளிலிருந்து பக்கத்து முள்ளுக்கு மாற்றினார். அதே எண். திரும்பவும் பழையபடி மாற்றினார்.

அண்ணாச்சி: "எட்டுன்னு சொன்னேரே, நாலுதானே வருது. பாதிதான் வேலை செய்யுதோ?"

விக்டரின் ஸ்குரூ டிரைவர் காதுக்குப் போய்விட்டது.

ஆடி 30, செவ்வாய்

தூறல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். பெரியப்பா குடையைத் தொலைத்ததே இல்லை. அது வேறு எரிச்சல்.

இன்று விக்டர் முறையாகப் பார்த்தார். பழைய நாலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய நாலை வைத்தார். திரை கறுப்பு. பெட்டி 'பீப் பீப்' என்று கத்துகிறது. மறுபடி பழையதை வைத்தார். நன்றாக ஓடியது. ஆகவே போர்டில் குறை இல்லை. அப்புறம் பழையதில் மூன்று, புதியதில் ஒன்று. பீப். அந்தப் புதியதை எடுத்துவிட்டு அடுத்த புதியது. பீப். அடுத்தது. பீப். நாலாவதைச் செருகும்போது அண்ணாச்சியே வாயால் "பீப்" என்று சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார்.

விக்டர்: "நாலும் கெட்டதுக்கா. மொத்தமா தப்பான சரக்கை அனுப்பிட்டானுவ. திருப்பி அனுப்பி வேற வரணும்."

"எப்ப வரும்?"

"அடுத்த வாரம் ஆயிரும்."

வெள்ளிக்கிழமை போச்சு.

சாஸ்தா படத்தை எடுத்துவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். மு.வின் அப்பா கேட்டது அந்த ஒன்றுதான். அம்மா பெயருக்கு மறுவார்த்தை சொல்லாத மனுஷரிடம் சாமி வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? பழைய அச்சு எழுத்துகளில் கோக்கலாம் என்றால், பெட்டி வந்த சந்தோஷத்தில் அண்ணாச்சி எல்லாவற்றையும் ஈயத்துக்குப் போட்டுவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்னம்மா, பரீச்சை போச்சா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். எனக்கு வயது இருபத்தேழு.

அம்மாவிடம் சொன்னேன். "நாலும் கெட்டுப்போச்சாம்மா. பெரியப்பாவே அடிக்கட்டும்." அம்மா ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். சாதம் போடும்போது கரண்டி இலையைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து, "அது ரொம்ப நொய்ஞ்சதோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஆடி 31, புதன்

எங்கிருந்து ஆரம்பிக்க!

காலையில் சீப்புகளைத் திருப்பி அனுப்ப உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்ய, மனது ஒரே இடத்தில் நின்றது. ஒன்று கெட்டிருக்கலாம். இரண்டு கெட்டிருக்கலாம். நாலும் ஒன்றுபோலக் கெடுமா? நாலுக்கும் பொதுவாக ஏதோ நடந்திருக்க வேண்டும்.

வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். பற்களைப் பார்த்தேன். நடுவில் பளபளப்பு. இரண்டு ஓரத்திலும் மட்டும் மங்கல். அடுத்ததிலும் அப்படியே. நாலிலும் அப்படியே. மேல் மூலைகளிலும் லேசான கறை. விக்டர் சொன்ன கம்பெனிப் பசை. எந்தக் கம்பெனி இவ்வளவு ஒழுங்காக மூலைக்கு மூலை பசை வைக்கும்?

நகத்தால் சுரண்டினேன். பொடி வந்தது. முகர்ந்தேன்.

மஞ்சள்.

வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுத்துணிக்கு வைப்பதுபோல, முதல் பத்திரிகைக்கு வைப்பதுபோல, நாலு சீப்புக்கும் நாலு மூலை. குழைத்து, அளவாக, ஒரு மூலை விடாமல். இப்படி ஒழுங்காகப் பொட்டு வைக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். உறையைப் பிரிக்காதே என்று நான் சொன்ன ஆளும் அவள்தான். முதலில் கோபம். பிறகு சிரிப்பு. பிறகு அழுகை, நேற்றைய மாதிரி இல்லை.

இசக்கி அக்கா: "என்னளா, தனியா இருந்து சிரிக்க? கல்யாணக் களையா?"

யாரிடமும் சொல்லவில்லை. பென்சில் ரப்பரை எடுத்துப் பற்களைப் பைய தேய்த்தேன். மஞ்சள் உருண்டு உருண்டு வந்தது. ரப்பர் தூளை ஊதினேன். சீப்பைச் செருகுகிற ஸ்லாட்டுக்குள்ளும் ஒட்டியிருக்கும் என்று தோன்றியது. பத்திரிகை அட்டையில் ஒல்லியாக ஒரு துண்டு வெட்டி, ரோலர் துடைக்கிற ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொன்றிலும் விட்டு எடுத்தேன். அட்டை மஞ்சளாக வந்தது. காயட்டும் என்று ஒரு காப்பி குடித்தேன்.

இரும்பைத் தொட்டேன். சாய்த்து, நிமிர்த்தி, டிக். எட்டு தடவை டிக்.

எண் ஓடியது. நாலாயிரம் தாண்டியது. ஐயாயிரம். நான் கத்தியதில் அண்ணாச்சி பொடி டப்பாவோடு ஓடி வந்தார். எட்டாயிரத்துச் சொச்சம் வந்து நின்றது. எட்டு எம்.பி. என்றால் அவ்வளவுதான் காட்டுமாம். விக்டர் போனில் சொன்னார். "என்னக்கா செஞ்சீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"தூசி இருந்தது. துடைச்சேன்" என்றேன்.

அண்ணாச்சி: "நான் அப்பவே சொன்னேன்லா, தூசிதான்னு." அவர் எப்போதுமே சொல்லவில்லை.

சாயங்காலம் வீடு. அம்மா வாசலிலேயே நின்றாள். பெட்டி ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, ரப்பர் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்ததைப் பிரித்துக் காட்டினேன். மஞ்சளாக இருந்தது. அம்மா முகம் போன போக்கைப் பார்த்து நானே பயந்துவிட்டேன்.

"என்னாலதானா?"

"ஒன்னாலதான்."

திண்டாடிப் போனாள். சேலைத் தலைப்பைச் சுருட்டுகிறாள், விடுகிறாள். மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை அவளிடம் இப்படித்தான் நிற்கும்.

"பத்திரிகையில நான் மஞ்ச வைக்க முடியாதுல்லாளா. சேலைக்கு, தாலிக்கு, எதுக்கும் கிட்ட வர முடியாது. ஒம் பெரியம்மதான் வைப்பா. இது மிஷின்தான, இதுக்கு யாரு என்ன கேக்கப்போறான்னு... மொத மொத ஒன் கல்யாணத்துக்குன்னு வீட்டுக்கு வந்த பொருள் இது."

ரப்பர் தூளை மறுபடி காகிதத்தில் மடித்தேன். அப்புறம், "கரண்டு போற பல்லுல பாத்து வச்சிருக்கியே" என்றேன். முதலில் அவள் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள். புரை ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்பா போனபின் அவள் எதிலிருந்தெல்லாம் ஒதுங்கி நின்றாள் என்று இன்றுதான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அவள் ஒதுங்குவது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆவணி 1, வியாழன்

ஆவணி பிறந்தது. வெயில். காற்று குறைந்துவிட்டது.

காலையில் உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழவில்லை. சாஸ்தா முழு மீசையோடு. மாமாமார், சித்தப்பாமார், மு.வின் அத்தை வீடுகள் எல்லாம். பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு செய்கிறது. மு. மாதிரி.

அழைக்கிற இடத்தில்: திருமதி சண்முகவடிவு, ஆசிரியை, முக்கூடல். அடித்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ அம்மாமார் பெயரை அடித்த கைதான். இதை மட்டும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.

அடுத்த வரியில் பெரியப்பா பெயர். அதை மட்டும் தடித்த எழுத்தாக மாற்றினேன். லஞ்சம்தான். மனுஷரைச் சமாளிக்க வேண்டாமா?

அண்ணாச்சி புரூப் பார்த்தார். ஒரு சித்தப்பாவுக்கு இன்ஷியல் விட்டிருந்தேன், கண்டுபிடித்தார். அம்மா பெயரை இரண்டு தடவை படித்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். பொடி போடாமலேயே மூக்கை உறிஞ்சினார்.

நாளைக் காலை பிளேட் போட்டு ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இசக்கி அக்கா வெட்டித் தருவாள்.

வாங்க வேண்டியது: குடை. ரப்பர் (இசக்கி அக்காவுடையதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டேன்). வெற்றிலை. கொம்பு மஞ்சள்.

ஆவணி 2, வெள்ளி

முதல் கட்டு பத்திரிகையோடு மத்தியானமே வந்துவிட்டேன். மை வாசனை இன்னும் போகவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பீடி மூட்டைக்காரி, "என்னளா, பிள்ளை மாதிரி வச்சிருக்க" என்றாள்.

நாலு மணிக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பெரியப்பா படித்தார். அழைப்பவர் வரியில் நின்றார். கீழே வந்தார். மறுபடி மேலே போனார். அம்மா தூணோடு தூணாக நிற்கிறாள்.

"என் பேரு கொஞ்சம் தடிமனா இருக்கே."

"பெட்டி அப்படித்தான் அடிச்சிது பெரியப்பா."

"ம்." இன்னொரு தடவை பார்த்தார். "ஊருல நாலு பேரு, தம்பி வீட்டைப் பெரியவன் கை விட்டுட்டான்னு பேசிறக்கூடாது. அதுக்குத்தான் சொன்னேன். இதுல என் பேரு நல்லாவே தெரியுது." அவர் பயமெல்லாம் அதுதானா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். காப்பி கேட்டார்.

தாம்பாளத்தில் முதல் பத்திரிகையை வைத்து, கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தேன். பெரியம்மா கை நீட்டினாள். வழக்கம் அதுதான். நான் கிண்ணத்தை அவளுக்குக் கொடுக்காமல் அம்மா முன்னால் நீட்டினேன்.

பெரியப்பா காப்பி டம்ளரோடு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். பெரியம்மா நீட்டிய கையை மடக்கி அவர் முழங்காலில் வைத்தாள். "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வையி வடிவு. கூப்பிடுறவ நீதானே" என்றாள்.

அம்மா வந்தாள். விரலை மஞ்சளில் தோய்த்தாள். பத்திரிகைக்கு மேலே கையைப் பிடித்தபடியே நின்று, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி,

"ஏளா, இதுல வச்சா ஒண்ணும் நின்னுபோகாதே?"

"போகாது. வை."

நாலு மூலையிலும் வைத்தாள்.